ரத்தம் குடிக்கும் பிரபுவும் செருப்பு கேட்ட பிணமும்

‘ரத்தம் உறிஞ்சும் முதலாளி’ என்று மேடையில் பேசாத தோழர் நம்மில் யாருமில்லை. நானும் பேசியிருக்கிறேன். மார்க்சே ‘மூலதனம்’ முதல் தொகுதியில் (1867) வேம்பயர் என்கிற உருவகத்தைத்தான் கையாள்கிறார். ஆகவே நாமும் கேள்வியில்லாமல் எடுத்துக்கொண்டோம். என் சந்தேகம் சின்னது: இந்த வேம்பயர் எப்போது பிரபு ஆனான்? கிராமத்துப் பேச்சில் அவன் பிரபுவே இல்லையே.

1718 ஒப்பந்தத்தில் வட செர்பியா துருக்கியரிடமிருந்து ஆஸ்திரியாவின் கைக்குப் போனது. 1725இல் அங்கே கிசில்யெவோ என்ற ஊரில் பேதர் பிளகோயெவிச் என்கிற ஊர்க்காரன் செத்துப் பத்து வாரம். எட்டு நாளில் ஒன்பது பேர் சாகிறார்கள். பேதர் தூக்கத்தில் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தான் என்று சொல்லிவிட்டுச் சாகிறார்கள். (கவனிக்க: நெரித்தான், கடிக்கவில்லை.) பெண்டாட்டியிடமும் வந்தானாம். எதுக்கு? தன் செருப்பைக் கேட்டு. அவள் ஊரை விட்டே போய்விட்டாள்.

இதை நமக்குச் சொல்வது ஊர்க்காரர்கள் அல்ல, ஃப்ரோம்பால்ட் என்ற அதிகாரியின் அறிக்கை. பெல்கிரேடிலிருந்து அனுமதி வரட்டும் என்கிறார் அவர். அதுக்குள்ள ஊரே அழிஞ்சிரும், துருக்கியர் காலத்துலயே ஒரு ஊர் அப்படிப் போச்சு, தோண்ட விடலேன்னா வீடுவாசலை விட்டுட்டுப் போறோம் என்று நிற்கிறார்கள் இவர்கள். புதிதாகப் பிடித்த எல்லைப் பகுதியில் குடிகள் வெளியேறுவது அரசுக்கு லேசான விஷயமா? அதிகாரி பாதிரியாரோடு கல்லறைக்குப் போகிறார். பிணம் கெடவில்லை, வாயில் ரத்தம். கழியைப் பாய்ச்சி எரிக்கிறார்கள். அழுகும் உடல் வாயு கட்டி உப்பும், உள்ளிருக்கும் திரவம் வாய்வழியே வெளிவரும் என்று பால் பார்பர் 1988இல் ஒரு புத்தகமே எழுதி விளக்கிவிட்டார். ஆக, அவர்கள் கண்டது பொய்யில்லை. அறிக்கையின் முடிவில் அதிகாரி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார்: இதில் பிழை இருந்தால் பழி தனக்கல்ல, பயத்தில் நிலைதப்பிய கும்பலுக்கே. அறிக்கை வியன்னாப் பத்திரிகையில் அச்சாகிறது. 1755இல் மரியா தெரேசா பிணம் தோண்டுவதையே தடைசெய்கிறார்.

இந்தச் சொல்லாடலில் பேய் ஊரானே. பக்கத்து வீட்டுக்காரன், புருஷன். பிரபுவாக்கியவர் பாலிடோரி. கவி பைரனிடம் சம்பளத்துக்கு இருந்த வைத்தியர். 1819இல் வந்த அவர் கதையில் ரத்தம் குடிக்கும் ருத்வென் பிரபுவிடம் பைரனின் சாயல் அப்பட்டம். வேலைக்காரன் எஜமானை எழுதிய பிரதி என்று இதை வாசிக்கலாம். எனக்கு இது பிடிக்கும். கொடுமை என்னவென்றால், பத்திரிகை அதை பைரன் பெயரிலேயே வெளியிட்டது!

ஸ்டோக்கர் (1897) விஷயம் வேறு. அவர் டிரான்சில்வேனியாவைப் பார்த்ததே இல்லை. ‘டிராகுலா’ என்ற பெயரே விட்பி நூலகத்துப் புத்தகமொன்றில் கிடைத்தது. அவருடைய பிரபு கிழக்கிலிருந்து வந்து லண்டனில் வீடுகள் வாங்குகிறான். எதிர்த்து ஒன்றுசேர்பவர்கள் யார்? பேராசிரியர், டாக்டர், வக்கீல், ஆங்கிலப் பிரபு, பணக்கார அமெரிக்கன். கிராமத்தார் சிலுவை போட்டுக்கொள்ளும் வெறும் பின்னணி. (வெயில் பட்டால் சாவான் என்பதுகூட ஸ்டோக்கரிடம் இல்லை. அது முர்னாவின் 1922 சினிமா.)

நம் மேடையில் இருப்பது எந்த வேம்பயர்? வர்க்க எதிரி என்று நாம் நினைத்துக்கொள்வதற்குள் ‘வெளியிலிருந்து வந்தவன்’ என்ற பயமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாஜிகள் யூதர்களை ரத்தம் உறிஞ்சிகளாகத்தான் சித்தரித்தார்கள். மார்க்சின் உருவகத்தில் உறிஞ்சுவது ஆள் அல்ல, மூலதனம் என்கிற உறவு. நாம் அதற்கு முகமும் பல்லும் வைக்கிறோம். தமிழில் போதாக்குறைக்கு ‘ரத்தக்காட்டேரி’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது. காட்டேரிக்குப் படையல் போட்டுக் கும்பிடுகிற குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அவர்களைக் கேட்டா வைத்தோம்?