துறையை மறந்த நகர்ச்சுற்று: எபேசு பற்றிய ஒரு நோக்கு

துருக்கியின் மேற்குக் கரையிலுள்ள குசாதாசித் துறையிற் பயணக் கப்பல் தரித்து நிற்கும் ஒரு பகற்பொழுதுக்குள், அதன் பயணிகளுக்கு எபேசு என்னும் பண்டைய நகரம் காட்டப்படுகிறது. வழிகாட்டியொருவரின் துணையோடு நிகழும் இச்சுற்று வெறும் போக்குவரத்து ஏற்பாடு அன்று. தொடக்கமும் உச்சமும் முடிவும் கொண்ட ஓர் எடுத்துரைப்பு. ஆதலின் இலக்கியப் படைப்பொன்றிடம் கேட்கத்தக்க வினாக்களை இதனிடமும் கேட்கலாம்: எதைச் சொல்கிறது, எதை விடுகிறது, ஏன் விடுகிறது?

பேருந்து பொதுவாகப் பயணிகளை மேல்வாயிலில் இறக்கிவிட்டுக் கீழ்வாயிலிற் காத்திருக்கிறது. இறங்கி நடத்தல் முதியோருக்கு இலகு, நேரமும் மிச்சம். ஆயின் இவ்வசதியே கதையின் அமைப்பையும் தீர்மானித்துவிடுகிறது. ஹேட்ரியன் கோயிலைக் கடந்து குரேத்தர் வீதி வழியே இறங்குவோர், செல்சஸ் நூலகத்தின் முகப்பின்முன் வந்து நிற்கின்றனர். அதுவே உச்சம். பண்டைக் காலத்திற் கடல்வழி வந்தோர் கண்ட வரிசையோ இதற்கு நேர்மாறானது. அவர்கள் துறையில் இறங்கி, பிற்காலத்தில் ஆர்க்காதியசுப் பேரரசரின் பெயரைப் பெற்ற நெடுந்தெருவால் அரங்கை நோக்கி வந்து, அதன் பின்னரே மேலேறினர். கப்பலில் வந்தவர்களுக்கே துறைமுகம் காட்டப்படாமற் போவது இச்சுற்றின் பெருமுரண் எனலாம்.

எபேசுவை வாழவைத்தது துறை. வீழ்த்தியதும் அத்துறையின் அழிவே. கைஸ்டர் ஆறு கொணர்ந்த வண்டல் அதனைத் தூர்த்தது. இன்று கடல் பல கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. வாயிலை ஒடுக்கினால் ஆழம் கூடும் எனக் கருதிய அத்தாலசு மன்னன் அணை கட்டுவித்ததாகவும், வண்டல் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கியதாகவும் புவியியலாளர் ஸ்திராபோ எழுதியுள்ளார். மனித அறிவு தன் நோக்கத்துக்கு எதிராகவே தொழிற்பட்ட இவ்வரலாற்றினும் சுவையான கதை அந்நகரில் வேறில்லை. ஆனால் பளிங்கு வீதியிற் பொறித்த பாதச்சுவடு பரத்தையர் இல்லத்துக்கான விளம்பரம் என்னும் கதையே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதற்கு உறுதியான சான்றில்லை. சிரிப்பு மட்டும் உறுதி.

நூலகமும் அவ்வாறே அரைகுறையாக அறிமுகமாகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்குயிலா என்பவன் தந்தை செல்சசின் கல்லறையாகவும் நூலகமாகவும் அதனைக் கட்டுவித்தான். இன்று காணப்படும் முகப்போ 1970களில் ஒஸ்திரிய ஆய்வாளராற் சிதைவுகளிலிருந்து மீள நிறுத்தப்பட்டது. மாடங்களிலுள்ள பெண்ணுருவங்கள் படிகள். மூலங்கள் வியன்னாவில் உள்ளன. இவற்றைக் கூறுதல் முகப்பின் அழகைக் குறைக்காது. யார் தோண்டினர், யார் கொண்டு சென்றனர் என்ற வினாவை மட்டும் எழுப்பும். அருகிலுள்ள வாணிப அகோராவும் ஒருசில சொற்களிற் கடந்து செல்லப்படுகிறது. அடிமை வணிகர் நிறுவிய கல்வெட்டொன்று இந்நகரிற் கிடைத்திருப்பதை அறிந்தோர்க்கு அந்த விரைவு உறுத்தும்.

விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் கூறும் அரங்கக் கலகம் சமயப் பூசலாகவே விளக்கப்படுதல் வழக்கம். தெமேத்திரியு என்னும் வெள்ளித் தட்டான் சக தொழிலாளரைத் திரட்டியபோது முதலிற் பேசியது ஆர்த்தெமிசின் மகிமையை அன்று, அவள் கோயிலின் சிற்றுருவங்களால் வந்த வருவாயை. இதனைக் கேட்ட பயணிகள், கம்பளக் கடையொன்றுக்கு அழைத்துச் செல்லப்படுகையில், இரண்டையும் தாமே இணைத்துப் பார்த்திருப்பர்.

குறையை வழிகாட்டிமீது ஏற்றுதல் தகாது. கப்பல் புறப்படும் நேரமே அவரது உரையின் நீளத்தை அளந்து தருகிறது. எனினும் பாதச்சுவட்டுக்குச் செலவாகும் நிமிடங்களை அரங்கின்முன் செலவிடலாம். அங்கிருந்து மேற்கே நோக்கினால் நேராக ஓடும் தெரு தெரியும். அதன் முடிவிற் கப்பல்கள் நின்ற இடத்தில் நாணற்சதுப்பு.