விடுதலைக்குப் பின்: மணிமேகலையின் சிறைவிடு காதை பற்றி ஒரு நோக்கு

புத்தளக் கரையோரத்து உடப்பிலே திரௌபதை அம்மனுக்கு ஆண்டுதோறும் தீமிதிப்பு விழா நிகழ்கின்றது. கண்ணகியோ பத்தினித் தெய்வமாக ஈழத்தில் தமிழராலும் சிங்களவராலும் போற்றப்படுகின்றாள். இருவரும் அரசவையிலே நீதி கேட்ட பெண்கள். தவறிய தீர்ப்பு என்றதும் நாம் சிலப்பதிகாரத்தை நினைவுகூர்வதும் இயல்பே. ஆனால், கோவலன் குற்றமற்றவன் என்பது அவன் வெட்டுண்ட பின்னரே தெளிவாகின்றது. எனவே, தவறிழைத்த அரசனுக்கு என்ன நேர்ந்தது என்பதையே சிலம்பு பேசுகின்றது. பழிசுமந்தவன் உயிருடன் மீண்டால் அவன் வாழ்வு யாதாகும்? இவ்வினாவுக்கு மணிமேகலையிலேதான் விடை தேடல் வேண்டும்.

காயசண்டிகை வடிவு கொண்டிருந்த மணிமேகலையை நாடிவந்த உதயகுமரனை, அவள் கணவனாகிய காஞ்சனன் வாளால் வீழ்த்துகின்றான். கொலைசெய்தவன் வேறொருவன், காவலில் வைக்கப்படுபவள் மணிமேகலை. முன்னர்ச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியவளும் அவளே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பின்னர், மகனை இழந்த அரசமாதேவி வஞ்சகமாக அவளைச் சிறைவிடுவித்துத் தன்பால் வைத்துக்கொள்கின்றாள். சித்தம் கலங்க மருந்தூட்டுகின்றாள். இளைஞன் ஒருவனை ஏவி மானங்கெடுக்க முயல்கின்றாள். நோயுற்றாள் எனக் கூறி உணவின்றி அறையில் அடைக்கின்றாள். அறிவு, மானம், உணவு ஆகிய மூன்றும் விடுதலைக்குப் பின்னரே தாக்கப்படுகின்றன. சாத்தனாரின் வாழ்க்கையறிவு இங்கே புலனாகின்றது.

இது வெறுங் கற்பனையன்று. யப்பானில் 1966 இல் கைதாகி 1968 இல் மரண தண்டனை பெற்ற ஹக்கமாடா இவாவோ, 2014 இலேயே சிறை நீங்கினார். 2024 செப்டெம்பரில் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. 2025 இல் ஏறத்தாழ 21 கோடியே 70 இலட்சம் யென் இழப்பீடு வழங்கப்பட்டது. ஆயினும், தூக்குமேடையை நாள்தோறும் எதிர்நோக்கிய தனிமையில் அவர் சித்தம் சிதைந்துவிட்டது. மணிமேகலையின் சித்தத்தை முற்பிறப்புணர்வு காத்தது. வேற்றுருவெடுக்கவும் பசி தீரவும் அவளிடம் மந்திரங்கள் இருந்தன. நம் காலத்தில் மீள்பவரிடம் மந்திரமேதும் இல்லை.

காப்பியத்தின் குறையும் இவ்விடத்திலேதான் உளது. அரசமாதேவி மனந்திருந்துகின்றாள், மணிமேகலை அவளுக்கு வினையின் இயல்பை எடுத்துரைக்கின்றாள். பழியற்றவளைக் காவலில் வைத்த அரசின் பொறுப்போ வினைப்பயன் என்னும் கோட்பாட்டினுள் மறைந்துவிடுகின்றது. துன்பத்தைத் தாங்கிக்கொள்ள அக்கோட்பாடு உதவலாம். அரசின் கடனை அது தீர்க்கமாட்டாது. இந்தியாவில், கொலை வழக்கொன்றில் அறுவருக்கு 2009 இல் மரண தண்டனை விதித்த உச்ச நீதிமன்றம், 2019 மார்ச் 5 இல் அவர்களைக் குற்றமற்றவர் என விடுவித்தது. ஒவ்வொருவருக்கும் ஐந்து இலட்சம் ரூபா வழங்குமாறு மகாராட்டிர அரசைப் பணித்தது. அவர்கள் சிறையில் இழந்தவை ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள். இத்தகையோருக்கு இழப்பீட்டை உரிமையாக்கும் சட்டம் வேண்டும் என 2018 இலேயே அந்நாட்டுச் சட்ட ஆணைக்குழு தன் 277 ஆவது அறிக்கையிற் பரிந்துரைத்திருந்தது.

சிலம்பு நீதிபதியின் மனச்சான்றை நமக்குக் காட்டியது. மணிமேகலை மீண்டவரின் அல்லலைக் காட்டியது. மீண்டவருக்கு அரசு ஆற்றவேண்டிய கடமையை இரண்டும் பாடவில்லை. அதைப் பாடுவது இன்றைய தமிழிலக்கியத்தின் பொறுப்பாகும்.