காணாமற்போன பகுதிகள்: ‘டாக்டர் ஹூ’ பழைய தொடரை முன்வைத்துச் சில கருத்துகள்

சங்க மலரில் சிந்தாமணி, நிகண்டு என்று எதையாவது எழுதிக்கொண்டிருந்தவன் இந்த முறை ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் மலர்க் குழு நண்பர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். பாத்திரக் கடைக்காரருக்கு வயசான காலத்தில் இது என்ன புது ஆசை என்று ஒருவர் கேட்டும் விட்டார். ஆசை புதுசு இல்லை. தொலைந்த நூல், கிடைத்த நூல், பாதி கிடைத்த நூல் என்பதுதான் எனக்கு எப்போதும் உள்ள பைத்தியம். சமணர் வீட்டில் பிறந்தவனுக்கு அது கூடவே வருவது. வளையாபதி என்று பெருமையாகப் பேர் சொல்கிறோம். கையில் இருப்பது எழுபது பாட்டுச் சொச்சம். குண்டலகேசிக்கு 19 பாட்டு. அதே கதி இருபதாம் நூற்றாண்டில், லண்டன் மாநகரில், பிள்ளைகள் பார்க்கும் ஒரு விஞ்ஞானக் கதைத் தொடருக்கு நேர்ந்திருக்கிறது. இந்த ஒற்றுமைதான் என்னை அதன் பக்கம் இழுத்தது.

தொடரை அறியாத அன்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.பி.சி.யில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. வேற்றுக் கோளிலிருந்து வந்த ஒருவர். டாக்டர் என்றே எல்லாரும் கூப்பிடுகிறார்கள். நீல நிறப் போலீஸ் டெலிபோன் பெட்டி ஒன்றுதான் அவர் வாகனம். வெளியே பார்த்தால் நாலு பேர் நெருக்கி நிற்கலாம், உள்ளே போனால் மாளிகை. அதில் ஏறி எந்தக் காலத்துக்கும் எந்த இடத்துக்கும் போகலாம். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு முடியாமல் போனபோது, 1966இல் அதே பாத்திரத்தைப் பேட்ரிக் டிரவுட்டன் என்ற வேறு நடிகரின் உடம்பில் எழுப்பிவிட்டார்கள். கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்றால் நம்ம வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அந்த ஒரு யுக்தி தொடரை 1989 வரை ஓட்டியது. 2005இல் மறுபடி எழுப்பியது. முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். அப்போது அவருக்கு 24 வயது.

எங்கள் எல்லைப் பக்கத்துக்கு இது நேராக வந்து சேரவில்லை. எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஸ்டார் டிரெக் வந்தது, டாக்டர் ஹூ வரவில்லை. குமுளி, கம்பம்மெட்டுப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அந்தக் காலத்தில் ஆன்டெனாவைக் கொடைக்கானல் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார்கள். மூணாறு எஸ்டேட் கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோகும்போது நானே பார்த்திருக்கிறேன், ஒருத்தர் ஓட்டு மேலே நின்று கம்பியைத் திருப்ப, இன்னொருத்தர் வாசலில் நின்று “இப்ப தெரியுது, விடு, விடு” என்று கத்துவார். மழை வந்தால் படம் போச்சு, கரண்டு போனால் கதை போச்சு. மறுநாள் கடையில் யாராவது வந்து, நேத்து என்ன ஆச்சுன்னு கேட்பாங்க. பார்த்தவர் சொல்ல, பாக்காதவர் கேட்க, அப்படித்தான் தொடர்கதை நடந்தது. ஆகவே பகுதி விட்டுப்போன கதையைப் பார்ப்பது எங்களுக்குப் புதிய பயிற்சி இல்லை.

லண்டனில் இருக்கும் என் தங்கை மகன், பேரனுக்காக 2005க்குப் பிந்திய தொடரின் டிவிடிகளைக் கொண்டுவந்து கொடுத்தான். பாலக்காட்டு வீட்டில் நாங்கள் இருவரும் பார்த்தோம். பிறகு பின்னோக்கிப் போனோம். பேரன் பத்து நிமிஷத்திலேயே “தாத்தா, இது நாடகம் மாதிரில்ல இருக்கு” என்றான். சரியாகத்தான் சொன்னான். அறுபதுகளில் ஒரு வாரம் ஒத்திகை பார்த்து, ஒரே சாயங்காலத்தில், அரங்கில், பெரும்பாலும் நிறுத்தாமல் பதிவு செய்வார்கள். வெட்டி ஒட்டுவதற்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. நம்ம சபா நாடகத்தில் திரைக்குப் பின்னால் அரண்மனை வரைந்திருப்பது மாதிரி அட்டைக் கோட்டை, அட்டைக் கிரகம். அதனால் கதையின் பாரம் முழுக்க வசனத்தின் மீதும் நடிகர் முகத்தின் மீதும் விழுந்தது. புதிய தொடரில் கண்ணுக்கு நிறைய வேலை, பழையதில் காதுக்கு. இந்த வேற்றுமையை மனசில் வைத்துக்கொள்ளாமல் பழைய பகுதிகளை மதிப்பிடுவது, ஓலைச்சுவடியை எடுத்து அச்சு அழகு பார்ப்பது போலத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஆறு வருடங்களில் 253 பகுதிகள் ஒளிபரப்பாயின. அந்தக் காலத்தில் வீடியோ நாடா விலை கூடிய பொருள். ஒளிபரப்பு முடிந்ததும் அழித்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்திவிடுவார்கள். மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தம் அதிகம் இடம் தராது. வீட்டில் வைத்துப் பார்க்கும் காசெட் என்ற ஒன்று வரும் என்று யாரும் எண்ணவில்லை. வெளிநாட்டுக்கு விற்பதற்காக 16 மி.மீ. பிலிமில் எடுத்த பிரதிகளும் விற்பனை முடிந்ததும் குப்பைக்குப் போயின. 1978 வரை இது நடந்தது. சரக்குக் கிடங்கில் இடம் காலி பண்ணும் வியாபாரிக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியாது. விற்காத சரக்கை வைத்துக் கொண்டு வாடகை கட்டுவது யார்? அவர்களைத் திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

பிழைத்தவை எப்படிப் பிழைத்தன என்பதில்தான் சுவை இருக்கிறது. ஹார்ட்னல் டிரவுட்டனாக மாறும் 1966ஆம் வருடத்துப் பகுதி இல்லை. ஆனால் அந்த மாறும் காட்சி மட்டும் இருக்கிறது, ஏனென்றால் ‘புளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சியில் அதை எடுத்துக் காட்டியிருந்தார்கள். உரையாசிரியர் மேற்கோள் காட்டியதால் மட்டும் நமக்குக் கிடைத்த பாட்டுகள் எத்தனை! ஆஸ்திரேலியாவில் தணிக்கைக்காரர்கள் பிள்ளைகள் பயப்படும் என்று வெட்டி எடுத்த துண்டுகள் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் கிடந்து 1996இல் வெளிப்பட்டன. முழுப் பகுதி அழிந்தது, வேண்டாம் என்று வெட்டியது வாழ்கிறது. இதைப் படித்தபோது எனக்கு நீலகேசி ஞாபகம் வந்தது. குண்டலகேசி என்ற பௌத்த நூலை மறுக்க எழுந்த சமண நூல் அது. அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் உரையுடன் பதிப்பித்தார். மறுக்கப்பட்ட நூல் போய்விட்டது. அது என்ன வாதம் செய்தது என்று இன்று நாம் பெரிதும் அறிவது மறுத்தவர் வாயிலாகத்தான்.

இன்னொரு வகையும் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து ஒலியை மட்டும் பிடித்த இளைஞர்கள் இருந்தார்கள். அவர்கள் புண்ணியத்தில் காணாமற்போன எல்லாப் பகுதிகளின் ஒலியும் இருக்கிறது. ஜான் குரா என்பவர் திரையைப் புகைப்படம் எடுத்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்று வந்தார். அந்தச் சின்னப் படங்களையும் ஒலியையும் சேர்த்துத்தான் பல கதைகளை ஒருவாறு பார்க்கிறோம்.

இப்போது இரண்டு கதைகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ‘சைபர்மென்களின் கல்லறை’, 1967இல் வந்த நாலு பகுதிகள். பார்த்தவர்கள் வருடக்கணக்காக அதைப் பெரிதாகச் சொல்லிச் சொல்லி, தொடரிலேயே சிறந்த கதை என்ற பேர் அதற்கு ஏற்பட்டுவிட்டது. ஹாங்காங்கில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் நாலு பகுதிகளும் கிடைத்து 1992இல் லண்டன் திரும்பின. பார்த்தால்? நல்ல கதைதான். உறைந்த அறைகளிலிருந்து அந்த உலோக மனிதர்கள் ஒவ்வொருவராகக் கிழித்துக்கொண்டு வெளிவரும் காட்சி இன்றும் நிற்கிறது. டாக்டரும் விக்டோரியா என்ற பெண்ணும் இறந்துபோன உறவினரைப் பற்றி ராத்திரியில் மெதுவாகப் பேசிக்கொள்ளும் இடம் அதைவிட உயர்வு. ஆனால் ஆளைத் தூக்கும் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது. பலசாலியான கறுப்பின வேலைக்காரர் பாத்திரத்துக்குப் பேச்சே அனேகமாக இல்லாமல் வைத்ததை நியாயப்படுத்த முடியாது. நினைவில் இருந்த படம் கைக்கு வந்த படத்தைவிடப் பெரிசாக இருந்தது.

சைபர்மென் பற்றி ஒரு வார்த்தை. உறுப்புகளை ஒவ்வொன்றாக இயந்திரமாக மாற்றி, கடைசியில் உணர்ச்சியையும் கழற்றிவிட்ட மனிதர்கள் அவர்கள். அவர்களைக் கற்பித்த இருவரில் கிட் பெட்லர் என்பவர் மருத்துவ ஆராய்ச்சியாளர். ஆசையை அடக்குவதுதானே உங்க துறவும் என்று பேரன் குறும்பாகக் கேட்டான். துறவி உயிர்களிடம் இரக்கத்தை வளர்த்துக்கொண்டு ஆசையைக் குறைக்கிறான். இவர்கள் இரக்கத்தை வெட்டிவிட்டு ஆசையை, அதாவது எல்லா உலகையும் தங்களைப் போல ஆக்கும் ஆசையை, வைத்துக்கொண்டார்கள். அது துறவுக்கு நேர் எதிர்த்திசை.

மற்றது ‘உலகின் எதிரி’. டேவிட் விட்டேக்கர் எழுதி, பாரி லெட்ஸ் இயக்கி, 1967 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் வந்த ஆறு பகுதிகள். இதில் மூன்றாம் பகுதி ஒன்றுதான் தப்பியிருந்தது. அதில் பெரும்பாலும் ஒரு நடைக்கூடம், ஒரு கைதி, சலித்துக்கொள்ளும் ஒரு சமையற்காரர். அதை வைத்து, இது மந்தமான கதை, தொடரின் நடுத்தரச் சரக்கு என்று விமர்சகர்கள் பல காலம் தீர்ப்புச் சொல்லி வந்தார்கள். நைஜீரியாவில் ஜோஸ் என்ற ஊரில் ஒரு நிலையத்திலிருந்து பிலிப் மோரிஸ் கண்டெடுத்த ஒன்பது பகுதிகளில் இதன் விடுபட்ட ஐந்தும் இருந்தன. 2013 அக்டோபரில் அறிவித்தார்கள். அதோடு பழைய தீர்ப்பு கவிழ்ந்தது.

நம்மவர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம், இரட்டை வேடம்! நாடோடி மன்னனும் எங்க வீட்டுப் பிள்ளையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். டிரவுட்டனே டாக்டர், டிரவுட்டனே சாலமாண்டர் என்ற கொடியவன். சூரிய சக்தியைச் சேமித்து விளைச்சலைப் பெருக்கி, உலகத்துக்குச் சோறு போட்டவன் என்று பேரெடுத்தவன் சாலமாண்டர். எரிமலை, நிலநடுக்கம் என்று வரும் அழிவுகளையும் அவன் முன்கூட்டியே சொல்கிறான். எப்படிச் சொல்கிறான்? நாலாம் பகுதியில்தான் தெரிகிறது. பூமிக்கு அடியில் ஒரு கூட்டத்தை வருடக்கணக்காக அடைத்து வைத்திருக்கிறான். மேலே அணு யுத்தம் நடக்கிறது, தீயவர்களை அழிக்க இயற்கையை ஏவ வேண்டும் என்று அவர்களை நம்பவைத்து, அவர்கள் கையாலேயே அந்த அழிவுகளைச் செய்விக்கிறான். தானியத்தையும் தகவலையும் ஒரே கை பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதைக் கடை வைத்தவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

குட்டு உடைவது எதனால்? கீழே இறக்கிய உணவுப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு செய்தித்தாள் துண்டால். அதில் ஒரு உல்லாசப் பயணக் கப்பலைப் பற்றிய செய்தி. மேலே யுத்தம் என்றால் உல்லாசப் பயணம் எங்கிருந்து வந்தது? பொட்டலத் தாளை விரித்துப் படிக்கும் பழக்கம் உள்ள எவரும் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். நான் படித்த பாதி விஷயம் பொட்டலத் தாளில் படித்ததுதான்.

இதை எதற்கு இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அந்தப் பாதாளக் கூட்டமும் அந்தத் தாள் துண்டும் மூன்றாம் பகுதியில் கிடையவே கிடையாது. பிழைத்த துண்டு கதையின் எந்த இடம் என்பது தற்செயல். அந்தத் தற்செயலை நூலின் குணமாகக் கொண்டுவிட்டார்கள். வளையாபதிக்கும் நாம் இதையே செய்து வருகிறோம் என்பது என் கருத்து. கிடைத்த பாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை புறத்திரட்டு என்ற தொகுப்பிலிருந்து வந்தவை. புறத்திரட்டு நீதிப் பாட்டுகளைத் தேடித் தொகுத்த நூல். அவர் தமக்கு வேண்டியதை எடுத்தார். நமக்கு அதுதான் மிஞ்சியது. உடனே, வளையாபதி நீதி சொல்லும் நூல், கதைச் சுவை குறைவு என்று மேடையில் பேசுகிறோம். ஊர்வலம், சண்டை, காதல், அழுகை எதையும் தொகுத்தவர் எடுக்கவில்லை என்பதுதான் நமக்குத் தெரியும். ஆசிரியர் எழுதவில்லை என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. சிந்தாமணியிலிருந்தும் நீதிப் பாட்டு எழுபதை மட்டும் பொறுக்கி, 1887இல் உ.வே.சா. முழு நூலைப் பதிப்பிக்காமல் இருந்திருந்தால், திருத்தக்கதேவரையும் வறண்ட உபதேசியார் என்றுதான் சொல்லியிருப்போம்.

அந்த 2013ஆம் வருடத்துக் கண்டெடுப்புக்குப் பிறகும் 97 பகுதிகள் கிடைக்காமல் நின்றன. அவற்றில் நான் மிகவும் பார்க்க விரும்புவது வாரிஸ் ஹுசைன் பெரும்பகுதி இயக்கிய ‘மார்கோ போலோ’, 1964இல் வந்தது, ஏழு பகுதிகள். வியாபாரப் பாதையில் பாலைவனமும் மலையும் கடந்து குப்ளாய் கானின் சபைக்குப் போகும் கதை. ஏழில் ஒன்றுகூட அப்போது இல்லை. ஒலியும் சில வண்ணப் புகைப்படங்களும் உண்டு. ஒலியை மட்டும் கேட்டு, பிரமாதம் என்று சொல்லத் தோன்றுகிறது. கல்லறைக் கதையின் அனுபவத்தை நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன்.

நம் பக்கத்துச் சரக்கு ஒன்றும் இருக்கிறது. டாக்டர் ஹூவில் 1977இல் கே-நைன் என்ற இயந்திர நாய் வந்தது. நம் சுஜாதா எண்பதுகளில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாய். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத எனக்கு ஆசை. கதை புத்தகமாக இருக்கிறது. தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது நம் எல்லைப் பக்கத்து வீடுகளிலும் பார்த்தோம். அப்போது வி.சி.ஆர். வைத்திருந்த குடும்பங்கள் கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் குமுளியிலும் இருந்தன. கல்யாணக் காசெட்டின் கடைசியில் மிச்சமிருந்த நாடாவில் யாராவது பிடித்து வைத்திருக்கலாம். பரணில் அப்படி ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பூஞ்சை பிடித்திருந்தால் வீட்டில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், நாடா அறுந்துவிடும். ஒரு வரி எழுதி, சங்கச் செயலாளரிடம் கொடுத்தால் போதும். கழுவி டிஜிட்டலில் ஏற்றும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். காசெட் பத்திரமாக உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும்.