வஞ்சப்புகழ்ச்சியும் படத் தபாலட்டையும்

படத் தபாலட்டை புகழ்ச்சிக்கெனப் பிறந்த சிறு கலைவடிவம். கோபுரமும் அருவியும் கடற்கரையும் அதன் பாடுபொருள்கள். பளபளக்கும் தாளும் கடுநீல வானமும் அதன் அணிகள். புகழ்தற்குரியதன்று என யாவரும் எண்ணும் இடமொன்றை இவ்வடிவத்துட் புகுத்தினால் விளைவது யாது? 1971ஆம் ஆண்டில் அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஸ்ரீவன் ஷோர் இவ்வினாவைச் செயலாற் கேட்டார்.

அவர் தேர்ந்தது ரெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ நகர். அங்குள்ள வீதி, உணவுச்சாலை, அலுவலகக் கட்டடம் என்றித்தகைய பத்துக் காட்சிகளைப் படம்பிடித்து, 56,000 தபாலட்டைகளாக அச்சிடுவித்தார். நகரின் பெயர் அவற்றில் இடம்பெறவில்லை. அட்டைகள் விலைபோகாதொழியவே, தாம் சென்ற ஊர்தோறும் கடைகளிலிருந்த அட்டைத் தாங்கிகளில் அவற்றைத் தாமே செருகி வைத்தார். காண்போர் தத்தம் ஊரென மயங்குதற்கும் இடமிருந்தது.

இஃது எளிய ஊரை எள்ளும் செயலென்பாருமுளர். அவர்க்கு விடை நம் புறநானூற்றிலேயே உண்டு. தொண்டைமானின் நெய்பூசிய படைக்கலங்களைப் புகழ்வார்போன்று புகழ்ந்து, நுனி முரிந்து கொல்லன் கொட்டிலிற் கிடந்த அதியமானின் படைக்கலங்களை ஔவையார் உயர்த்தினாரன்றோ? அங்கே நகைக்கப்பட்டது மெருகு, போற்றப்பட்டது பயன்பாடு. ஷோரின் அட்டைகளிலும் நகைக்கு இலக்காவது அமரில்லோ அன்று. எதனையும் மெருகிட்டுக் காட்டும் தபாலட்டை மரபே. மக்கள் நாடோறும் புழங்கும் வீதி அவர் படத்தில் மதிப்புக் குன்றாது நிற்கின்றது.

1999இல் வெளிவந்த மாட்டின் பாரின் ‘சலிப்பூட்டும் தபாலட்டைகள்’ என்னும் நூல் வேறு வகையினது. பிரித்தானிய நெடுஞ்சாலைகளையும் அவற்றின் ஓரத்துத் தங்குமிடங்களையும் பிறர் முன்னர் அச்சிட்ட அட்டைகளே அதிற் காணப்படுவன. தொகுத்தவரின் கூரிய கண்ணை யாம் மறுக்கவில்லை. எனினும், 1958இல் அந்நாடு தன் முதல் அதிவேக நெடுஞ்சாலையைத் திறந்தபோது, அது மக்களுக்குப் புதுமையாகவும் பெருமிதமாகவும் இருந்தது. அப்பெருமிதத்தை வாசகர் காணுமுன்னரே நூலின் தலைப்புத் தீர்ப்பளித்து விடுகின்றது. இதுவே அந்நூலின் குறையென்பது எம் கருத்து.

ஆகவே, இவ்வகைப் படைப்பை மதிப்பிடுதற்கு உரைகல் ஒன்றே: அவ்விடத்து வாழ்வோர் படத்தைக் கண்டு நம்மோடு சேர்ந்து நகைப்பாரா, அன்றி நாணித் தலைகுனிவாரா? முன்னது கலை, பின்னது வசை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு படக்கருவி இருக்கும் இந்நாளில், பிறர் ஊரை வேடிக்கையாகப் படம்பிடிக்குமுன் மாணவர் இவ்வினாவைத் தம்மையே கேட்டுக்கொள்வாராக.