கவ்வாத்துக்குப் பின்

பத்தாண்டு, பதினைந்தாண்டு பேனாவை மூடி வைத்திருந்த ஒருவர் திடீரென ஒரு கதை எழுதிவிட்டால், நம்மவர் முதலில் செய்யும் காரியம் அவருக்குப் பொன்னாடை போர்த்துவது. செய்யாமல் விடுவது அந்தக் கதையைப் படிப்பது. மீண்டும் வந்தாரே என்னும் மகிழ்ச்சியோடு விமரிசனம் முடிந்துவிடுகிறது. கதை எப்படி என்று கேட்கிறவன் பொறாமைக்காரன். அந்தப் பட்டம் நமக்குக் கிடைத்தாலும் கிடைக்கட்டும், கேட்டுத்தான் பார்ப்போமே!

கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டம் தோன்றியது 1929இல். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கவ்வாத்து என்பதை விளக்கவேண்டியதில்லை. நகரத்துத் தோழர்களுக்காகச் சொல்லுகிறோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் குறுக வெட்டிவிடுவார்கள். இலையின்றிக் கொம்பும் குச்சியுமாய் நிற்கும். சில திங்கள் கொழுந்து கிடையாது. துளிர் கண்டவுடனே கூடையோடு ஓடுவதுமில்லை. செடி மட்டங் கட்டும்வரை பொறுத்திருப்பார்கள். வெட்டாமலும் கொய்யாமலும் கைவிட்ட செடியோ ஆள் உயரத்துக்கு மேல் மரமாகிப் பூத்துக் காய்த்து நிற்கும். பார்வைக்குச் செழிப்புத்தான், கொழுந்து மட்டும் கைக்கெட்டாது. எழுத்தாளனுடைய மௌனத்திலும் இவ்விரு வகை உண்டு. எந்த வகை என்பதை, மீண்டு வந்து அவன் எழுதும் கதையே காட்டிக்கொடுத்துவிடும்.

நாகர்கோவில் சுந்தர ராமசாமியை (1931–2005) எடுத்துக்கொள்வோம். துணிக்கடை நடத்தியவர். ஐம்பதுகளில் 'சாந்தி', 'சரஸ்வதி' ஏடுகளில் எழுதிப் பெயர் பெற்றவர். அவருடைய 'ஒரு புளியமரத்தின் கதை' சரஸ்வதியில் தொடராகத் தொடங்கி நடுவே நின்று, 1966இல் முழு நூலாக வெளிவந்தது. ஒரு முச்சந்தி மரம், அதைச் சுற்றி வளரும் வியாபாரம், அரசியல், பொறாமை, கடைசியில் அம்மரத்தின் சாவு. திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்கும் சுகம் அந்நூலில் உண்டு. அவ்வளவு வெற்றிக்குப் பிறகு அவர் ஓய்ந்தார்; சில ஆண்டுகள் எழுதாதிருந்து, 1973 வாக்கில்தான் மீண்டார். புளியமரத்துக்குத் தம்பியாக இன்னொரு மரத்தை நட்டிருந்தால் வாசகர் வேண்டாமென்றா சொல்லியிருப்பார்கள்? அவர் நடவில்லை. 'பல்லக்குத் தூக்கிகள்' என்ற கதையில் சில மனிதர்கள் பல்லக்குச் சுமக்கப் பழகுகிறார்கள். திண்ணைக் கதையின் சுகம் அங்கே இல்லை. பசுவய்யா என்ற பெயரில் அவர் எழுதிய கவிதைகள் 1975இல் 'நடுநிசி நாய்கள்' என நூலாயின. 1981இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வந்தது. ஜோசப் ஜேம்ஸ் என்னும் கற்பனை மலையாள எழுத்தாளனைப் பாலு என்னும் தமிழ் எழுத்தாளன் தேடிப் போகிறான். பின்பகுதி இறந்துபோன அந்த ஜேஜேயின் நாட்குறிப்பு.

இதில் கதை எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. நமக்கும் அந்நூலில் குறை தோன்றாமலில்லை. பேச்சின் கூர்மை சில இடங்களில் மனிதர்களையே மறைத்துவிடுகிறது. எனினும், தமிழ் எழுத்தின்மேல் தமக்கிருந்த அதிருப்தியைக் கட்டுரையாக எழுதிக் கைகழுவாமல் அதையே நாவலாக்கிய துணிவு சாமானியமானதன்று. எழுதாத ஆண்டுகளில் அந்த மனம் சும்மா இருக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அடுத்த நாவலுக்கு அவர் எடுத்துக்கொண்டது பதினேழு ஆண்டு. 1998இல் வந்த 'குழந்தைகள், பெண்கள், ஆண்கள்' முப்பதுகளின் கோட்டயத்தில் ஒரு குடும்பத்துக்குள் அமைதியாகப் போய் உட்காருகிறது. ஜேஜேயின் வாள்வீச்சு அங்கே இல்லை. இது இரண்டாவது கவ்வாத்து.

இதற்கு எதிர்ப்பக்கம் மௌனி (1907–1985). 1936இல் 'மணிக்கொடி'யில் தொடங்கினார். சில ஆண்டுகளில் நின்றார். இடைவெளிக்குப் பின் மீண்டும் எழுதினார். வாழ்நாள் முழுதும் எழுதியவை 24 கதைகளே. பிற்காலத்துக் கதைகளிலும் அதே அந்தி, அதே கோயில் இருட்டு, அதே கைகூடாக் காதல். அவர் எழுதிய பொருள் நாளும் கிழமையும் தீண்டாத பொருள். ஆகவே இடைவெளி அவரைக் கெடுக்கவில்லை. இதைச் சாக்காகக் கொண்டு நம் தோட்டத்து எழுத்தாளர் தப்ப முடியாது. தோட்டம் மாறுகிற பொருள்.

நாற்பது ஆண்டுக்கு முன் எழுதி நிறுத்தியவர் இன்று மீண்டும் எழுதுகிறார். என்ன எழுதுகிறார்? அதே லயம், அதே கங்காணி, அதே கள்ளுக்கடை, அதே அழுகை. அவர் பேனா நின்ற இடத்திலேயே தோட்டமும் நின்றுவிட்டதுபோல! இன்று கேமரன் மலையில் கூடையைவிட வெட்டுப்பொறியே பெரிது. இருவர் பிடித்துச் செலுத்துகிறார்கள். வேலை செய்வோரில் பெரும்பாலோர் வங்காள தேசத்தவரும் நேபாளியரும் போன்ற அயல்நாட்டார். நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். நம் பாட்டனார் கடல் கடந்து வந்து பட்டதையெல்லாம் இன்று வேறொருவன் வேறொரு மொழியில் படுகிறான். இந்த மாறுதலைக் காணாத கதை, நேற்று அச்சானாலும் பழைய கதையே.

இன்னொன்றையும் சொல்லாவிடில் நியாயமாகாது. சுந்தர ராமசாமிக்குக் கடை இருந்தது. எழுதாமலிருக்கவும் அவரால் முடிந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மாலையில் குளிரோடு திரும்பி, மண்ணெண்ணெய் விளக்கில் எழுதியவன் ஓய்ந்தது அவன் விருப்பத்தாலா? பெண்ணாயிருந்தால் அந்த விளக்குங்கூட அடுப்படிக்கே சொந்தம். அவர்களுடைய மௌனத்தை வெட்டியது யாருடைய கத்தி என்று கேட்கவேண்டும். அதைக் கேட்பதற்கு மிக உரியவர்கள் அவர்களே. ஆனால் மீண்டு வரும் கதைகளில் அந்தக் கேள்வி அரிதாகவே வருகிறது; தாம் எழுதாமற்போன ஆண்டுகளை வெட்கப்பட்டு ஒளித்துவைக்கிறார்கள். அங்கேதான் கதை இருக்கிறது, ஐயா!

சங்கத்தார் பொன்னாடையைச் சற்றுப் பெட்டியிலேயே வைத்திருக்கட்டும். பத்திரிகாசிரியர்கள், மீண்டு வந்தவரின் முதற் கதையை மரியாதைக்காக அச்சேற்றாமல், திருப்பித் தந்து இரண்டாவதைக் கேட்கட்டும். இரண்டாவது வந்ததும் மூன்றாவதை. துளிர் கண்டவுடன் கொழுந்து கிள்ளுகிறவனைக் கங்காணியே திட்டுவான்.