குறிஞ்சித் தேனும் கோடைப் பயணமும்

கோடை வந்தால் குடும்பத்தோடு உதகை செல்கிறோம். மலரையும் ஏரியையும் கண்டு மகிழ்கிறோம். மலைமக்களை மட்டும் காணாமலே திரும்புகிறோம். அக்குறையைத் தீர்ப்பது, 1963-இல் வெளிவந்த ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்'. மின்பொறியாளரான கணவரோடு நீலகிரியில் வாழ்ந்த ஆசிரியர், படகர் வாழ்வை அருகிருந்து கண்டவர். சாமையும் ராகியும் விளைந்த மண்ணில் தேயிலை புகுந்ததையும், அணையும் மின்சாரமும் வந்ததையும், அவற்றால் உறவுகள் அசைந்ததையும் பரிவோடு சொல்கிறார்.

ஆயினும் மலையின் கதை அத்துடன் முடியவில்லை. 1964-இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தோட்டத் தமிழர் பலரை இம்மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இரு அரசுகளின் கையெழுத்து, ஒரே குடும்பத்தை இரு நாடுகளில் பிரித்துவைத்ததும் உண்டு. நூல் அதற்கு முந்தியது. ஆசிரியர் மீது குற்றமில்லை. கொழுந்து பறிக்கும் கைகளைப் படமெடுத்துவிட்டு, அவர்கள் வந்த வழியைக் கேளாது இறங்கும் நம்மீதே குற்றம்.