காலிங்கராயர் ஒருவரா, பலரா?

ந.மு. வேங்கடசாமி நாட்டாரின் ‘கள்ளர் சரித்திரம்’ 1923-ல் வெளிவந்தது. நூறு வருஷம் ஆகியும் புத்தகத்துக்கு ஓய்வில்லை. முழுசாகப் படித்தவர்களைவிட, அதிலிருந்து வெட்டியெடுத்த பக்கங்களை வாட்ஸ்அப்பில் பார்த்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று தோன்றுகிறது. வெட்டுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வெட்டுகிறார்கள்: பல்லவரும் சோழரும் வருகிற இடத்தில். எனக்கு அந்த நூலில் முக்கியமாகப் படுவது அதுவல்ல. பட்டப்பெயர்களையும் கள்ளர் நாடுகளையும் நாட்டார் வரிசைப்படுத்துகிற இடம்தான். ராஜாக்களை அவர் வாதாடி நிறுவ வேண்டியிருக்கிறது. பட்டப்பெயர்களுக்கு வாதம் தேவைப்படவில்லை. நடுக்காவேரியில் பிறந்தவர், பக்கத்து வீட்டுப் பெயர்களை எழுதுகிறார். ஒரே அட்டைக்குள் இரண்டு புத்தகங்கள். நாம் இத்தனை நாள் தப்பான புத்தகத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் முதலெழுத்து உண்டு. தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் மட்டும் கதை வேறு. வாண்டையார், சோழகர், மழவராயர், சேதுராயர், கண்டியர், பல்லவராயர், தொண்டைமான், பொய்யுண்டார், காலிங்கராயர் என்று நூற்றுக்கணக்கான பட்டங்கள் கள்ளர் சமூகத்தில் புழங்குகின்றன. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். ஒரே பட்டம் என்றால் பங்காளி. பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள். ஒரு பட்டத்தைச் சொன்னால் விவரம் தெரிந்த பெரியவர் ஊரையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். இங்கிலாந்துக்காரன் எதை சர்நேம் என்கிறானோ, கிட்டத்தட்ட அதுவேதான். கல்யாணப் பத்திரிகையில் பி.இ. என்கிற பட்டமும் மழவராயர் என்கிற பட்டமும் ஒரே வரியில் நிற்கும். தமிழுக்கு இரண்டும் பட்டம்தான்.

அங்கே இந்த மாதிரிப் பெயர்களை வைத்து ஒரு துறையே வளர்ந்திருக்கிறது. ஹென்றி கப்பி என்பவர் 1890-ல் பிரிட்டனின் குடும்பப் பெயர்கள் எந்த ஊரில் வேர்விட்டவை என்று ஒரு புத்தகம் போட்டார். அவர் எல்லோரையும் எண்ணவில்லை, விவசாயிகளை மட்டும் எண்ணினார். காரணம் எளிமையானது. நிலம் வைத்திருக்கிறவன் நகரமாட்டான், அவன் பெயரும் நகராது. பிற்பாடு 1881 மக்கள்தொகைக் கணக்கைக் கணினியில் ஏற்றி, அரிய பெயர் ஒவ்வொன்றும் எந்தப் பள்ளத்தாக்கில் குவிந்திருக்கிறது என்று வரைபடமே போட்டுவிட்டார்கள். 2000-ல் பிரையன் சைக்ஸ் என்ற மரபியலாளர் தன் பெயரையே சோதனைக்கு எடுத்துக்கொண்டார். சைக்ஸ் என்ற பெயருள்ள, ஒருவருக்கொருவர் உறவு தெரியாத ஆண்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்தால், ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஒரே வகை. ஒரே பெயர், பெரும்பாலும் ஒரே மூதாதை என்று அவர் முடிவுக்கு வந்தார்.

நம் பட்டங்களுக்கும் அப்படிச் சொல்லிவிடலாமா? நாட்டாரின் வாதம் போகிற பாதை அதுதான். பல்லவராயர் என்றால் பல்லவர், சோழகர் என்றால் சோழர். பெயரின் ஓசை வம்சத்துக்குச் சாட்சி.

இந்தப் பாதை எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் அவர் அதில் ஏன் போனார் என்பதைப் பார்க்காமல் விமர்சிப்பது நியாயமாகாது. எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் 1909-ல் வந்திருந்தன. தென்னிந்தியச் சாதிகளை அகர வரிசையில் அடுக்கிக் குணம் எழுதிய தொகுதிகள். 1911-ன் குற்றப் பழங்குடிச் சட்டம் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்மேல் இறங்கியது. 1920 ஏப்ரல் 3 அன்று, அந்தச் சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களைப் போலீஸ் சுட்டது. மூன்று வருஷம் கழித்து ஒரு தமிழாசிரியர், திருச்சியில் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், பின்னாளில் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதப்போகிறவர், தன் சமூகத்தின் பெயரையே தலைப்பில் வைத்து ஒரு சரித்திரம் எழுதுகிறார். அரசாங்கம் ஒரு முழுச் சமூகத்தையும் பெயரை வைத்துத் திருடன் என்கிறது. அவர் பெயர்களை வைத்தே அரசன் என்று பதில் சொல்கிறார். எதிராளி வைத்த ஆட்டத்தின் விதிகளிலேயே ஆடிய ஆட்டம் அது. 1923-ல் வேறு எப்படி ஆடியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் அதே விதியில் ஆடுவதுதான் பிரச்சினை.

காலிங்கராயர் என்ற ஒரு பட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவ்வளவு பரவலான பட்டமில்லை, ஆனால் தடம் நீளமானது.

முதலாம் குலோத்துங்கனிடமும் விக்கிரம சோழனிடமும் இருந்த ஒரு தளபதி நரலோகவீரன். தொண்டை மண்டலத்து மணவிலைச் சேர்ந்தவன். சிதம்பரம் கோயிலில் அவன் செய்த திருப்பணிகள் பெரிய பட்டியல். அவனுக்குக் காலிங்கராயன் என்று பட்டம். கலிங்கத்துக்காரன் என்பதால் அல்ல. சோழ அரசு கலிங்கத்தில் பெற்ற வெற்றியின் வாசனை அந்தச் சொல்லில் இருந்தது, அரசன் தன் அதிகாரிக்கு அதைச் சூட்டினான். அடுத்து 13-ஆம் நூற்றாண்டு, கொங்கு நாடு. பவானியில் அணைகட்டி ஈரோட்டுப் பக்கம் வாய்க்கால் வெட்டியவர் பெயர் காலிங்கராயன். அந்த வாய்க்காலில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. பொள்ளாச்சிக்குப் பக்கத்து ஊத்துக்குளி ஜமீன்தார்கள் அவர் வழியினர் என்பது மரபு. அவர்கள் கொங்கு வேளாளர்கள். மூன்றாவது, தஞ்சைக் கள்ளர்களின் காலிங்கராயர்.

மூன்று நாடு, மூன்று சமூகம், ஒரே பெயர். சைக்ஸ் கேட்ட கேள்விக்கு இங்கே ரத்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம். இது பிறப்பால் வந்த பெயராகத் தொடங்கவில்லை. மேலிருந்து கொடுத்த பெயர், வாங்கியவர் வீட்டில் தங்கிவிட்டது. யார் வாங்கினாலும் தங்கும்.

மழவராயன் கதை இதைவிடச் சுவாரஸ்யம். பாண்டியர் கல்வெட்டுகளில் அரசன் மதுரை அரண்மனையில் ஓர் இருக்கையில் அமர்ந்து ஆணையிடுகிறான். அந்த இருக்கையின் பெயர் மழவராயன். ஆமாம், நாற்காலிக்கும் அதே பட்டம்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் வம்சம் ஒன்று என்று வாதாடுகிறவர்கள் அந்த ஆசனத்தை எந்தப் பங்காளிப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இதையெல்லாம் உட்கார்ந்து சரிபார்க்க ஒரு கருவி நமக்கு எப்போதோ கிடைத்துவிட்டது. நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வருகிற ஆட்பெயர்களைக் கணினியின் உதவியோடு தொகுத்து 1978-ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். துளை அட்டைக் காலத்துக் கணினி. இன்றைய மடிக்கணினியில் அரை நிமிஷ வேலை என்று என் துறைக்காரர்கள் சொல்வார்கள். அரை நிமிஷம் ஓடுவது வரிசைப்படுத்தும் வேலை மட்டும்தான். ஒரு பெயரில் ஊர் எது, அப்பன் பெயர் எது, பதவி எது என்று பிரித்து வைத்ததே உண்மையான வேலை. சோழர் காலத்துப் பெரிய மனிதரின் பெயர் ஒரு தகவல் பதிவு மாதிரியேதான் இருக்கிறது: முதலில் ஊர், பிறகு தந்தை, பிறகு சொந்தப் பெயர், ‘ஆன’ என்று ஒரு இணைப்பு, கடைசியில் அரசு கொடுத்த மூவேந்தவேளான் அல்லது பல்லவரையன். அந்தக் கடைசிப் பகுதி சாதிச் சொத்து அல்ல. பெரிய கோயில் கட்டிய குஞ்சரமல்லனுக்கு ராஜராஜப் பெருந்தச்சன் என்று பட்டம் இருந்தது.

நாட்டாரின் சொந்தப் பட்டத்தையே பாருங்கள். சோழர் கல்வெட்டில் நாட்டார் என்றால் ஒரு நாட்டின் நிலக்காரர்கள் கூடிய சபை. வரி பிரிக்கிற, வாய்க்கால் பார்க்கிற, நிலம் கைமாறினால் சாட்சி சொல்கிற கூட்டம். அரசனின் வம்சம் அல்ல, ஊர்ப் பொறுப்பு. ஒவ்வொரு நூலிலும் கையெழுத்தாக இருந்த அந்தச் சொல், தன் சரித்திரத்தின் வாதத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பதை அவர் கவனித்திருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒருவேளை இதைவிட நல்ல நூல் கிடைத்திருக்கும்.

சரி, பட்டம் வம்சம் இல்லை என்றால் பின் என்ன? என் பதில்: விலாசம். ஒரத்தநாட்டுப் பக்கம் ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் போதும். சேதுராயன்குடிக்காடு, பொய்யுண்டார்குடிக்காடு. தஞ்சைக்கு அருகே வாண்டையார் இருப்பு. ‘குடிக்காடு’ என்ற சொல்லையே கவனியுங்கள். காட்டைத் திருத்திக் குடியேறிய இடம். காவிரி, குடமுருட்டி, வெண்ணாற்றங்கரைகளில் ஊர்ப் பெயர்கள் மங்கலம் என்றும் நல்லூர் என்றும் முடியும். சோழன் பிராமணருக்கும் கோயிலுக்கும் கொடுத்த நன்செய். தெற்கே வல்லம் தாண்டி மேட்டுக்கு வந்தால் நாடு, கோட்டை, பட்டி, குடிக்காடு. காசவளநாடு, ஒக்கநாடு, பாப்பாநாடு, தென்னமநாடு. நடுக்காவேரி, கண்டியூர்ப் பக்கமும் பட்டக்காரர்கள் உண்டு, ஆனால் பட்டமும் ஊர்ப் பெயரும் ஒட்டிப் பிறந்திருப்பது இந்த மேட்டில்தான். ஏரியும் மானாவாரியுமாகக் கிடந்த மண். 1934-ல் மேட்டூர் அணையோடு கல்லணைக் கால்வாய் வந்தது, இங்கே அதைப் புது ஆறு என்பார்கள். அதன் பிறகுதான் இந்தப் பக்கம் நெல் நாடானது. சோழன் கொடுத்த நன்செயில் இந்த மேட்டுக்குப் பங்கு இருக்கவில்லை. காவிரித் தண்ணீர் இங்கே வந்து இன்னும் நூறு வருஷம் ஆகவில்லை.

கப்பி விவசாயிகளை எண்ணியது போல, நாட்டாரும் தெரிந்தோ தெரியாமலோ நிலத்தில் ஊன்றியவர்களின் பெயர்களைத்தான் எழுதினார். அவர் வரிசையை ஒரு வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ராஜவம்சம் தெரியாது. யார் எந்த ஏரிக்கரையில் முதலில் காடு வெட்டினார்கள், யாருக்கு எந்தக் கோயிலில் முதல் மரியாதை, எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் பெண் போனது என்பது தெரியும். புதுக்கோட்டையைப் பற்றி நிக்கோலஸ் டர்க்ஸ் 1987-ல் எழுதிய நூல் கிட்டத்தட்ட இந்த இடத்துக்கு வருகிறது: பட்டம், மானியம், மரியாதை மூன்றும் ஒரே முடிச்சு. அந்த நூலை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் படித்தன. நாட்டாரின் வரிசையை அதே கண்ணோடு இங்கே பெரிதாக யாரும் படிக்கவில்லை. நமக்குப் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்தபோது எந்தச் சாதி சோழன் என்று அடித்துக்கொள்வதற்கே நேரம் சரியாக இருந்தது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. தமிழ்நாடு பெரும்பாலும் கேட்டது. இந்தியாவிலேயே வேறெங்கும் இவ்வளவு பேர் பெயரின் வாலை வெட்டிக்கொள்ளவில்லை. அதன் விலையை என் தலைமுறை விசாப் படிவங்களில் கட்டுகிறது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று விழும், முதற்பெயர் தெரியாது என்று அர்த்தம். கலிபோர்னியாவில் ஒரு அலுவலகத்தில் நாலைந்து ‘எஃப்னு’க்கள் இருப்பார்கள். சிலர் அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கினார்கள். டெல்டாப் பையன்கள் சிலர் அந்தக் காலிக் கட்டத்தில் பழைய பட்டத்தை எழுதினார்கள். எழுதியவர்களைக் குறை சொல்லமாட்டேன். கட்டம் கேட்கிறது, வீட்டில் ஒன்று இருக்கிறது. ஆனால் எழுதுவதற்கு ஒன்று வீட்டில் இருந்தவர்கள் யார், இல்லாதவர்கள் யார் என்று அந்தக் கட்டத்துக்குத் தெரியாது.

ராஜராஜன் கல்வெட்டுகள் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது வரியில்லாத இடங்களைக் கழிக்கின்றன: ஊர்நத்தம், கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி. சேரி அளவோடு இருக்கிறது, சேரியில் இருந்தவர்களுக்குப் பெயரில்லை. அதே நாற்று, அதே வரப்பு. ஆயிரம் வருஷத்தில் அவர்களுக்கு யாரும் ராயர் பட்டம் கொடுக்கவில்லை. 1952-ன் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருகிறவரைக்கும், ‘நீ யார்’ என்ற கேள்விக்கு அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்ட பதில் எந்தப் பண்ணை ஆள் என்பது. அதுவும் விலாசம்தான், வேறொருவருடைய பட்டத்தில். பட்டத்தை வம்சமாகப் படிக்கிறவர்கள் கண்ணில் இந்த வெற்றிடம் படாது. விலாசமாகப் படித்தால் முதலில் படுவது இதுதான்.

பெரிய கோயிலின் வெளிச்சுவரில் இன்னொரு பட்டியலும் இருக்கிறது. சோழ நாட்டுத் தளிகளிலிருந்து ராஜராஜன் தஞ்சைக்குக் கொண்டுவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகள். ஒவ்வொருத்திக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எல்லாம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். டெல்டாவில் இவ்வளவு துல்லியமான வேறொரு விலாசப் பட்டியலை நான் படித்ததில்லை. அந்தப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு பொதுச் சொல் நிற்கிறது, நக்கன். அந்தப் பெயரைத் தங்கள் பட்டம் என்று எந்தச் சங்கமும் போஸ்டர் அடித்து நான் பார்த்ததில்லை.